பேட்டரிக்குள்ளே ஒரு லைக்ரா

ஊத்துக்குளி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வெண்ணெய். அடுத்து என்ன என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் யோசிக்கவே மாட்டார்கள். பனியன்! காலையில் டிபன் பாக்ஸோடு திருப்பூர் பஸ் ஏறுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். நிட்டிங், டையிங், பிரிண்டிங், டைலர், செக்கிங், அயர்ன்... ஏதாவது ஒரு செக்‌ஷன் ஆள் பக்கத்து சீட்டில் கட்டாயம் இருப்பார்.

ஆனால் இந்தக் கட்டுரை பனியனைப் பற்றியது அல்ல. பேட்டரியைப் பற்றியது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது. சொல்லப்போனால், பேட்டரி ஆராய்ச்சியாளர்கள் இருபது வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பிரச்னையை, ஒரு பிரிண்டிங் மாஸ்டரிடம் விளக்குவது மிகவும் சுலபம். அவர் தினமும் பார்க்கிற பிரச்னைதான் அது.

வீட்டில் குழந்தைகளின் பழைய டி-சர்ட் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நெஞ்சில் ஒரு பொம்மை ரப்பர் பிரிண்ட் போட்டிருப்பார்கள். புதிதாக வாங்கும்போது பளபளவென்று இருந்த பொம்மை, பத்து இருபது துவையலுக்குப் பிறகு முகமெல்லாம் விரிசல் விட்டுப் பாட்டி ஆகியிருக்கும். காரணம் எளிது. அடியில் இருக்கும் துணி நீளும், சுருங்கும். மேலே இருக்கும் பிரிண்டுக்கு அந்த அளவுக்கு நீளத் தெரியாது. நீளத் தெரியாதது உடையும்.

அதனால்தான் பீஸ் க்யூரிங் மெஷினை விட்டு வெளியே வந்ததும் மாஸ்டர் செய்கிற முதல் வேலை, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பது. கோடு விழுந்தால் ஹெல்பர் தம்பிக்கு அர்ச்சனை ஆரம்பம்.

"ஏந்தம்பி, பைண்டர் எவ்வளவு போட்ட?"

"அளவாத்தானுங்ணா போட்டேன்..."

பைண்டர்! இந்த ஒரு சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தொழிற்சாலையிலும் இதே சொல்தான். இதே வேலைதான்.

லித்தியம் அயன் பேட்டரியைப் பிரித்துப் பார்த்தால் (தயவுசெய்து வீட்டில் பிரிக்காதீர்கள், தீப்பிடிக்கும்) உள்ளே நீளமான உலோகத் தாள்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒன்று செம்புத் தாள், இன்னொன்று அலுமினியத் தாள். இரண்டின் மேலும் கருப்பாக ஒரு பூச்சு. அந்தப் பூச்சுதான் மின்முனை. அது செய்யப்படும் விதம் திருப்பூர்க்காரருக்கு அந்நியமாகவே இருக்காது. பொடியை எடுத்து, பைண்டர் சேர்த்து, கரைப்பான் ஊற்றி, மிக்ஸரில் போட்டுப் பேஸ்ட் ஆக்குகிறார்கள். தாளின் மேல் ஒரே சீராகப் பூசுகிறார்கள். நீளமான ஓவனுக்குள் ஓட்டிக் காய வைக்கிறார்கள். கடைசியில் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்துகிறார்கள். அந்தக் கடைசி வேலைக்குப் பெயர் காலண்டரிங். ஆமாம், துணிக்குச் செய்கிற அதே காலண்டரிங் தான், பெயர் கூட மாறவில்லை!

இந்தப் பூச்சில் பைண்டரின் எடை பொதுவாக 2 முதல் 5 சதவீதம் வரைதான். மீதி எல்லாம் மின்சாரத்தைச் சேமிக்கும் பொடியும், கொஞ்சம் கார்பன் கருப்பும். சேமிக்கிற வேலையில் பைண்டருக்குப் பங்கே கிடையாது. பொடியைப் பொடியோடும், பொடியைத் தாளோடும் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே வேலை. கூட்டிப் போட்டால் பிரச்னை, ஏனென்றால் அது மின்சாரம் கடத்தாது, இடத்தையும் அடைக்கும். (பிரிண்டில் பைண்டர் அதிகமானால் துணி அட்டை மாதிரி விறைத்துவிடும் இல்லையா, அந்தக் கதை.) குறைத்துப் போட்டால் பொடி உதிர்ந்துவிடும். அளவாகத்தான் போடவேண்டும்.

லித்தியம் பேட்டரிக்காக 2019ல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ. அப்போது 97 வயதான குட்இனஃபுக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் நம்ம ஊர்க்காரர், மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் பரிசெல்லாம் மின்சாரத்தைச் சேமிக்கிற பொருள்களுக்கு. பசைக்கு யார் பரிசு கொடுப்பார்கள்?

சரி, விஷயத்துக்கு வருவோம். பேட்டரிக்குள்ளே எது நீண்டு சுருங்குகிறது?

சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் செம்புத் தாள் பக்கம் வந்து அங்கே இருக்கும் பொடிக்குள் புகுந்துகொள்கின்றன. வண்டி ஓட்டும்போது வெளியே போகின்றன. உள்ளே ஆள் வந்தால் வீடு கொஞ்சம் வீங்கும். இப்போது பெரும்பாலும் பயன்படுவது கிராஃபைட். அது ஏறக்குறைய 10 சதவீதம்தான் வீங்கும். பைண்டர் சமாளித்துவிடும்.

ஆனால் கிராஃபைட்டில் ஒரு குறை. ஒரு கிராமில் 372 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் சேமிக்க முடியாது. கணக்குப்படி அதுதான் உச்சம். சிலிக்கனோ ஒரு கிராமில் 3,500க்கும் மேல் சேமிக்கும். கிட்டத்தட்ட பத்து மடங்கு! மணலிலிருந்து எடுக்கிற பொருள், பஞ்சமே கிடையாது. அப்புறம் ஏன் எல்லோரும் சிலிக்கனுக்கு மாறவில்லை?

ஏனென்றால் முழுதாக சார்ஜ் ஏறும்போது சிலிக்கன் துகள் ஏறக்குறைய நான்கு மடங்கு பருமனாகிவிடும். இறங்கும்போது மறுபடி சுருங்கும். ஒரு நாளைக்கு ஒரு முறை சார்ஜ் போட்டால் வருஷத்துக்கு 365 முறை இந்தக் கூத்து. எந்த பிரிண்ட் தாங்கும்? துகள் உடைகிறது. பூச்சு விரிசல் விடுகிறது. சில துகள்கள் மற்றவற்றோடு தொடர்பு விட்டுப்போய்த் தனித்தீவாக நிற்கின்றன. அவற்றுக்குள் மாட்டிக்கொண்ட லித்தியம் திரும்பி வராது. எந்தப் பைண்டரும் சேர்க்காத தனி சிலிக்கன் பொடி என்றால் ஒரே வாரத்தில் சங்கு.

பழைய நாட்களில் எல்லோரும் பயன்படுத்திய பைண்டர் பிவிடிஎஃப் என்கிற ஃப்ளோரின் பிளாஸ்டிக். அலுமினியத் தாள் பக்கம் இன்றைக்கும் பெரும்பாலும் அதுதான். ரசாயனத்துக்கு அசையாது, நல்ல பையன். ஆனால் சிலிக்கனைப் பொறுத்தவரை அதன் பிடி ரொம்பத் தளர்வு. பக்கத்தில் நிற்கும், கையைப் பிடிக்காது.

"அப்போ நல்ல ரப்பராகப் போட்டால் போச்சு" என்று யாருக்கும் முதலில் தோன்றும். ஆராய்ச்சியாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. எஸ்.பி.ஆர். என்கிற ரப்பரோடு சிஎம்சி கலந்து பார்த்தார்கள், நல்ல முன்னேற்றம். சிஎம்சி என்பது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், பருத்தியிலும் மரக்கூழிலும் இருக்கும் செல்லுலோஸை மாற்றிச் செய்வது. தறிக்குப் போகும் நூலுக்குக் கஞ்சி போடவும் பயன்படுவதுதான். கிராஃபைட் பேட்டரிகளில் இன்றும் செம்புத் தாள் பக்கம் இந்த ஜோடிதான் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். 2007ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் ஜெஃப் டான் என்பவரின் குழு ஒரு முடிவை வெளியிட்டது. சிலிக்கனுக்கு ரப்பரைச் சேர்க்காமல் வெறும் சிஎம்சி மட்டும் போட்டுப் பார்த்தார்கள். காய்ந்த சிஎம்சி அப்பளம் மாதிரி, வளைத்தால் டப்பென்று உடையும். நியாயமாகப் பார்த்தால் முதல் நாளே தோற்றிருக்க வேண்டும். ஆனால் ரப்பர் கலந்ததைவிட இதுதான் அதிக நாள் தாங்கியது!

எப்படி? நீளுகிற குணம் மட்டும் போதாது, பிடிக்கிற குணமும் வேண்டும். சிஎம்சியின் சங்கிலி நெடுக கார்பாக்ஸில் என்கிற சிறு சிறு கைகள் இருக்கின்றன. சிலிக்கன் துகளின் மேல்தோல் ஒரு மெல்லிய ஆக்ஸைடு. இந்தக் கைகள் அந்தத் தோலை இறுக்கிப் பிடிக்கின்றன. சில பிடிகள் விட்டுப்போனாலும் பக்கத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்கின்றன. ரப்பர் நீளும், ஆனால் துகளை விட்டுவிட்டு நீளும். டி-சர்ட்டை விட்டு உரிந்து வந்த பிரிண்ட் எவ்வளவு நீண்டு என்ன பிரயோஜனம்?

அதற்கப்புறம் கைகள் அதிகமாக இருக்கும் பாலிமர்களைத் தேடும் படலம் ஆரம்பித்தது. 2011ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கும் கிளெம்சன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை பெரிய பரபரப்பு. அவர்கள் கண்டுபிடித்த பைண்டர் எது தெரியுமா? ஆல்ஜினேட். கடலில் வளரும் பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் பிசின். பாசியின் ஒவ்வொரு சங்கிலிக் கண்ணியிலும் ஒரு கை, ஒழுங்காக வரிசையாக. பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தில் அது ஊறி உப்புவதும் இல்லை.

பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்த்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். அட, நம்ம கலர் கிச்சனில் மூட்டையாக இருப்பதாயிற்றே! ரியாக்டிவ் சாயத்தில் பிரிண்ட் போடும்போது பேஸ்ட் கெட்டியாவதற்கு சோடியம் ஆல்ஜினேட் தானே போடுகிறோம்! மற்ற பிசின்கள் சாயத்தோடு தாங்களே ஒட்டிக்கொண்டு துணிக்குப் போக வேண்டிய கலரைத் தின்றுவிடும். ஆல்ஜினேட் அந்தத் தப்பைச் செய்யாது.

அதோடு முடியவில்லை. 2015ல் கொத்தவரை விதையிலிருந்து வரும் குவார் பிசினும் சிலிக்கனுக்கு நல்ல பைண்டர் என்று சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதுவும் பிரிண்டிங்கில் பழைய ஆள்தான், ராஜஸ்தானில் விளைவது. பிக்மென்ட் பிரிண்டில் போடும் சிந்தெடிக் திக்னர் இருக்கிறதே, அது பாலிஅக்ரிலிக் அமிலக் குடும்பம். சிலிக்கன் ஆராய்ச்சியில் இன்று அதிகம் பேசப்படும் பைண்டரும் பாலிஅக்ரிலிக் அமிலம்தான். ஒரு பிரிண்டிங் யூனிட்டின் கலர் கிச்சனில் இருக்கும் டிரம்களை வரிசையாக எழுதினால், ஒரு பேட்டரி ஆய்வகத்தின் அலமாரியில் பாதி வந்துவிடும். (அதற்காக டிரம்மிலிருந்து ஒரு மக் மொண்டு பேட்டரியில் ஊற்ற முடியாது. பேட்டரிக்குப் போகும் சரக்கில் இரும்பு, ஈரம் எல்லாவற்றுக்கும் கடுமையான கட்டுப்பாடு.)

சரி, பிடிப்பு கிடைத்துவிட்டது. ஆனால் நீளும் தன்மை போய்விட்டதே! காய்ந்த பாலிஅக்ரிலிக் அமிலமும் விறைப்புதான். நாள் ஆக ஆகச் சங்கிலிகள் அறுந்துபோகும். பிடிக்கவும் வேண்டும், நீளவும் வேண்டும், திரும்பவும் வேண்டும்.

இதற்கு 2013ல் ஸ்டான்ஃபோர்டில் ஜெனான் பாவோ, யீ சுய் குழுவினர் ஒரு வழி சொன்னார்கள். தானே ஆறிக்கொள்ளும் பாலிமர். விரிசல் விட்டாலும் ஹைட்ரஜன் பிணைப்புகள் மறுபடி சேர்ந்து காயம் மூடிவிடும். அருமையான யோசனை. ஆனால் அதைவிட அழகானது 2017ல் தென்கொரியாவின் கெய்ஸ்ட் நிறுவனத்திலிருந்து வந்தது.

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு ஓரிடத்தில் கட்டப்படவில்லை, ஓடுகிறது. அதனால் எந்த ஒரு புள்ளியிலும் கயிறு தேய்ந்து அறுவதில்லை. கொரியர்கள் செய்தது மூலக்கூறு அளவில் இதைத்தான். ஒரு நீண்ட பாலிமர் நூலில், மாவுச்சத்திலிருந்து செய்யும் வளைய மூலக்கூறுகளைப் பாசிமணி மாதிரி கோத்தார்கள். நுனியில் வளையம் கழன்று விழாமல் ஒரு முடிச்சு. அந்த வளையங்களைப் பாலிஅக்ரிலிக் அமிலத்தோடு இணைத்தார்கள். சிலிக்கன் வீங்கி இழுக்கும்போது வளையங்கள் நூலில் வழுக்கிக்கொண்டு நகர்கின்றன, இழுவை ஓரிடத்தில் குவியாமல் எங்கும் பரவுகிறது. சுருங்கும்போது திரும்பி வருகின்றன. சிலிக்கன் துகள் உள்ளே உடைந்து நொறுங்கினால்கூடத் துண்டுகள் சிதறாமல் ஒரே பொட்டலமாகப் பிடித்து வைத்திருந்தது அந்தப் பைண்டர்.

எவ்வளவு சேர்த்தார்கள்? பாலிஅக்ரிலிக் அமிலத்தில் எடைக்கு 5 சதவீதம்.

ஐந்து சதவீதம்! லெக்கிங்ஸ் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் எலாஸ்டேன் என்று இருக்கும் பல லேபிள்களில். எலாஸ்டேன் என்றால் நாம் லைக்ரா என்கிறோமே, அதேதான். 1958ல் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய நூல். சங்கிலியில் ஒரு பகுதி மெதுவானது, இழுத்தால் சுருள் பிரிந்து நீளும். ஒரு பகுதி கெட்டியானது, நழுவாமல் பிடித்துக்கொண்டு பழைய இடத்துக்கு இழுத்து வரும். காட்டனுக்கு உறுதி உண்டு, திரும்பி வரத் தெரியாது. அந்த ஐந்து சதவீதம் அதைச் சொல்லிக்கொடுக்கிறது. 5க்கு 5 என்பது தற்செயல்தான், பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் நிட்டிங் மெஷினில் லைக்ரா ஃபீட் செய்கிற ஒருவரிடம் இந்த ஆய்வைச் சொன்னால் "இதுக்கா இத்தனை வருஷம்?" என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். பைண்டர் ஒன்றால் மட்டும் சிலிக்கன் பேட்டரி வந்துவிடாது. துகள் ஒவ்வொரு முறை விரியும்போதும் புதுத் தோல் வெளியே தெரியும். பேட்டரித் திரவம் அங்கே சிதைந்து படிந்து, கொஞ்சம் லித்தியத்தை நிரந்தரமாக விழுங்கிவிடும். இதைப் பசை குறைக்கலாம், நிறுத்த முடியாது. அதனால்தான் இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பேட்டரிகளில் சிலிக்கன் இருந்தாலும், பெரும்பாலும் கிராஃபைட்டோடு சில சதவீதம் கலந்த அளவில்தான் இருக்கிறது. பத்திரிகைகளில் "ஐந்து நிமிஷத்தில் சார்ஜ், ஆயிரம் கிலோமீட்டர்" என்று வாரா வாரம் வரும் செய்திகளைக் கொஞ்சம் உப்பு போட்டுப் படிப்பது நல்லது.

இத்தனையும் திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு எதற்கு? காரணம் கரைப்பான்.

பிவிடிஎஃப் தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்க என்எம்பி என்கிற கரைப்பான் வேண்டும். கருவில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதல் செய்யக்கூடியது என்று 2011ல் ஐரோப்பா அதை மிகக் கவலைக்குரிய ரசாயனங்களின் பட்டியலில் சேர்த்தது. அது 200 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். காய வைத்து விரட்டுவதற்கும், ஆவியைப் பிடித்துத் திரும்ப எடுப்பதற்கும் மின்சாரம் கொட்ட வேண்டும். பிவிடிஎஃப்பும் சுலபத்தில் மட்காத ஃப்ளோரின் குடும்பம், அந்தக் குடும்பம் முழுவதையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஐந்து ஐரோப்பிய நாடுகள் 2023ல் முன்மொழிந்திருக்கின்றன. சிஎம்சி, ஆல்ஜினேட், பாலிஅக்ரிலிக் அமிலம் இவையெல்லாம் சாதாரணத் தண்ணீரில் கரையும்.

அதே 2011ம் வருஷம் ஜனவரி 28ம் தேதி திருப்பூரில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. வழக்குப் போட்டவர்கள் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். பாசனத்துக்கென்று கட்டி 1992ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, "தண்ணீரைத் திறந்து விடாதீர்கள்" என்று விவசாயிகளே கெஞ்சிய கொடுமை வேறு எந்த ஊரில் நடந்தது? பட்டறைகள் மூடியதும் வேலை போனவர்கள் ஒரு பக்கம், கிணறு கெட்டவர்கள் இன்னொரு பக்கம். பல வீடுகளில் இரண்டு பேரும் அண்ணன் தம்பிகள். அப்புறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத ஏற்பாடு செய்தால்தான் பட்டறை ஓடலாம் என்று ஆயிற்று. தண்ணீரைக் கடைசியில் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று ஆரம்பத்தில் விட்டதற்கு அந்த ஊர் கொடுத்த விலை அது.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா 2024லிருந்து செல்களையே தயாரிக்க ஆரம்பித்திருக்கிறது. நாளைக்குக் கொங்கு நாட்டிலும் ஒரு செல் தொழிற்சாலை வரலாம். அப்போது "எத்தனை பேருக்கு வேலை?" என்ற கேள்வியோடு "பைண்டர் என்ன? எதில் கரைக்கிறீர்கள்?" என்றும் கேட்கத் தெரிந்த ஊர் என்றால் அது நொய்யல் கரையாகத்தான் இருக்க வேண்டும். ஒரு வசதி, செம்புத் தாள் பக்கம் ஏற்கனவே தண்ணீருக்கு மாறிவிட்டது. அலுமினியப் பக்கம்தான் அடம் பிடிக்கிறது. அங்கே இருக்கும் நிக்கல் பொடிகள் தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும், அதுதான் சிக்கல்.

மூலப்பொருளும் தூரத்தில் இல்லை. மன்னார் வளைகுடாவில் ஆல்ஜினேட் தரும் பாசிகள் இரண்டு. ஒன்றை அந்தப் பக்கத்து மக்கள் கட்டக்கோரை என்கிறார்கள். இன்னொன்று பக்கோடா பாசி. (பெயரைப் பார்த்து யாரும் வாயில் போட்டுவிட வேண்டாம்!) ராமநாதபுரம் கடற்கரையில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம்.

காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். மின்வேதியியலுக்கென்றே அங்கே பி.டெக். படிப்பும் உண்டு. ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து ப்ளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஆய்வகங்களில் புதுப் பைண்டரைச் சோதிக்கும் முதல் கட்டம் என்ன தெரியுமா? பூச்சைத் தாளின் மேல் பூசிக் காய வைத்து, செல்லோ டேப்பை ஒட்டிப் பிய்த்துப் பார்க்கிறார்கள். எவ்வளவு பொடி டேப்போடு வருகிறது என்று எடை போடுகிறார்கள். ஒரு மெல்லிய கம்பியின் மேல் வளைத்து எங்கே விரிசல் விழுகிறது என்று பார்க்கிறார்கள். கிராஃபைட் பொடி, செம்புத் தாள், ஒரு தராசு இருந்தால் இந்தப் பாதி வேலையை எந்தக் கல்லூரி லேபிலும், ஏன், ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும் ஒரு பிரிண்டிங் டேபிளிலும் செய்யலாம். மறுபாதிக்கு ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டி வேண்டும், அதற்குக் காரைக்குடிக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.